நீர்கொழும்பு மீன் சந்தைக்கு ஒரே நாளில் போய் வர: மலையகத்திலிருந்து கிளம்புறவங்களுக்கு

மஸ்கெலியா மலர்:
வணக்கம். தோட்டத்துல ஆறு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிச்சு நீர்கொழும்பு மீன் சந்தைக்குப் போறதா இருக்கோம். காலையில மீன், கருவாடு வாங்கிட்டு, பிள்ளைகளுக்குக் கடலையும் காட்டிட்டு அன்னிக்கே வீடு திரும்பணும். எந்த நாள் நல்லது, எத்தனை மணிக்குக் கிளம்பணும், ஐஸ் எவ்வளவு வேணும், இந்த ஈரத்துல கருவாடு பூக்காம எப்படி வச்சிக்கிறது? விவரமா சொல்லுங்க.

முன்னக்கரை:
முதல்ல நாளை முடிவு பண்ணுங்க. ஞாயிறு வேண்டாம். நீர்கொழும்பு மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். சனி இரவு தொழிலுக்குப் போக மாட்டாங்க, ஞாயிறு பூசைக்குப் போவாங்க. அதனால ஞாயிறு காலையில சந்தையில புதுமீன் இருக்காது, இருந்தாலும் முந்தின நாள் மீந்ததுதான். பெரிய வெள்ளிக்கும் அதே கதை. தோட்டத்துல ஞாயிறுதான் ஓய்வு என்பது தெரியும், ஆனா அந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தா முழுப் பயணமும் வீண். சனிக்கிழமை ஒரு லீவு போட முடிஞ்சா அதுதான் சரி.

அடுத்தது நிலா. சாளையா, ஹுருல்லா மாதிரி சின்ன மீனை இருட்டு ராத்திரியில வலை போட்டுத்தான் அதிகம் பிடிக்கிறாங்க. முழுநிலவை ஒட்டிய நாட்கள்ல அது குறையும், விலை ஏறும். அமாவாசையை ஒட்டி வாங்க.

இடம்: ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்துல, களப்பு கடலோட சேருற வாயில இருக்கிறதுதான் பெரிய லெல்லம (மீன் ஏலச் சந்தை). கோட்டை இப்போ சிறைச்சாலை, வாசல் வளைவுல 1678 என்று செதுக்கியிருக்கும். அதைக் கேட்டு வந்தா வழி தவறாது. எட்டுக்கல, லூயிஸ் பிளேஸ் பக்கம் ஹோட்டல் கடற்கரை, அங்கே போய்ச் சந்தையைத் தேட வேண்டாம். விடியற்காலையில நடக்கிறது ஏலம், பெட்டிக்கணக்கு, குவியல் கணக்கு. சில்லறை விற்பனை விடிஞ்ச பிறகு சூடு பிடிக்கும், பத்து மணிக்கு மேல நல்லது தீர்ந்துடும். ஆறு மணிக்கு நீங்க நிக்கணும்.

பாஷை பற்றிக் கவலைப்படாதீங்க. இங்கே மீனவக் குடும்பங்கள்ல தமிழ் புழங்குற வீடுகள் இன்னும் இருக்கு.

ஏ7 சாரதி:
மஸ்கெலியாவிலிருந்து ஆறு மணிக்கு அங்கே நிக்கணும்னா இரவு ஒரு மணிக்கு வேன் கிளம்பணும். அட்டன் வழியா கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை. அட்டன்–அவிசாவளை சுமார் 70 கிலோமீட்டர்தான், ஆனா வளைவும் பனிமூட்டமும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல தின்னும். அவிசாவளையிலிருந்து ஹன்வெல்ல, கடுவலை. கடுவலையில வெளிச்சுற்று அதிவேக வீதியில ஏறி, கெரவலப்பிட்டியவில கட்டுநாயக்கா அதிவேக வீதியைப் பிடிச்சா கொழும்புக்குள்ளே போகவே வேண்டியதில்லை. 2019 நவம்பர்ல கெரவலப்பிட்டிய இணைப்பு திறந்த பிறகு இந்தப் பயணத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை. கட்டுநாயக்காவில இறங்கினா நீர்கொழும்பு டவுன் கிட்டத்தான்.

ஆட்டோ, மோட்டார் சைக்கிள் அதிவேக வீதியில ஏற முடியாது.

இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, வேன் பேசும்போதே மொத்தத் தொகையா கிலோமீட்டர் கணக்கான்னு தெளிவாப் பேசுங்க, அதிவேக வீதிக் கட்டணம் யார் பொறுப்புன்னும் சேர்த்து. இரண்டு, சாரதி. இரவு முழுக்க ஓட்டினவர் மத்தியானம் அதே வளைவுகள்ல ஏறி வரணும். சந்தையில நீங்க நிக்கிற மூணு மணி நேரமும் அவர் தூங்கணும், மீன் தூக்க அவரைக் கூப்பிடாதீங்க. முடிஞ்சா இரண்டாவது சாரதி ஒருத்தர். மழைக்காலமா இருந்தா கிளம்புறதுக்கு முந்தின சாயங்காலமே கினிகத்தேனை, கித்துல்கல பக்கம் மண்சரிவு, வீதி மூடல் இருக்கான்னு விசாரிங்க.

கண்டி வீதி:
கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்து ஆட்களுக்கு வேற வழி இருக்கு. கொழும்பு வீதியில வரக்காப்பொலை தாண்டி மீரிகம, திவுலப்பிட்டிய வழியா நேரா நீர்கொழும்பு. அட்டன்காரர்களும் கரவனெல்லவிலிருந்து ருவன்வெல்ல, வரக்காப்பொலை என்று அந்த வழியைப் பிடிக்கலாம், தூரம் குறையும்.

ஏ7 சாரதி:
தூரம் குறையும், நேரம் குறையாது. ருவன்வெல்ல–வரக்காப்பொலை இரவுல பழகாத சாரதிக்கு நல்ல வழி இல்லை. திரும்பி வரும்போது பகல்ல வேணும்னா பாருங்க.

ஐஸ்பெட்டி:
பயணத்தைப் பற்றி எல்லாரும் வீதியிலிருந்து யோசிக்கிறாங்க. ஐஸ்ல இருந்து பின்னோக்கி யோசிங்க. ஐஸ் எத்தனை மணி நேரம் தாங்கும், வீட்டு ஃபிரிட்ஜ் எவ்வளவு கொள்ளும், இந்த இரண்டும்தான் எவ்வளவு மீன் வாங்கலாம் என்பதைச் சொல்லும். சந்தையில மலிவாத் தெரிஞ்சதெல்லாம் வாங்கினா கினிகத்தேனையில நாறும்.

கணக்கு இது. காலையில வாங்குற மீன் 28 பாகைச் சூட்டுல இருக்கும். 10 கிலோ மீனை அங்கிருந்து பூச்சியத்துக்கு இறக்கவே ஏறக்குறைய 3 கிலோ ஐஸ் கரையும். அப்புறம் பெட்டிச் சுவர் வழியா உள்ளே வர்ற சூடு. ஒரு அங்குல மொத்தமுள்ள நடுத்தர ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்கு, வெளியே 30 பாகை இருந்தா, மணிக்கு அரைக் கிலோ அளவு ஐஸ் போகும். காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை ஒன்பது மணி நேரம்னா அதுக்கு இன்னொரு 4 கிலோவுக்கு மேல. மூடியைத் திறந்து மூடுறது, வெயில்ல வேன் நிக்கிறது எல்லாம் சேர்த்தா, மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ். 10 கிலோவுக்கு 10 கிலோ. இதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

ஐஸ் சந்தையிலேயே வாங்கலாம். கட்டியா வாங்காதீங்க, நொறுக்கித் தரச் சொல்லுங்க. பெரிய கட்டி மீனைச் சில இடத்துல மட்டும்தான் தொடும், நடுவுல சூடு அப்படியே நிக்கும். அடியில இரண்டு அங்குலம் ஐஸ், அதுக்கு மேல ஒரு வரிசை மீன், திரும்ப ஐஸ், கடைசியா மேல மூணு அங்குலம். முழுமீனை ஐஸோட நேராப் படவிடலாம். வெட்டின துண்டைப் பாலித்தீன் பையில கட்டி வைக்கணும், இல்லேன்னா கரையுற தண்ணி ருசியைக் கழுவிட்டுப் போகும். பெட்டியின் மூலையில ஒரு சின்ன ஓட்டை போட்டு, கீழே ஒரு பேசின் வைங்க. தேங்கின தண்ணியில மீன் ஊறக் கூடாது. மூடி விளிம்புல அகலமான டேப் சுத்தி ஒட்டுங்க. ஈரச் சாக்கு ஒன்றை மேல போட்டா இன்னும் நல்லது.

மஸ்கெலியா மலர்:
ரொம்ப நன்றி அண்ணே. அப்போ கடற்கரைக்குப் போயிட்டு மீன் வாங்குறதா, மீன் வாங்கிட்டுக் கடற்கரையா?

ஐஸ்பெட்டி:
வாங்குங்க, ஐஸ்ல வைங்க, வேனை நிழல்ல நிறுத்துங்க, அப்புறம் கடற்கரை. பதினொரு மணிக்குக் கிளம்பிடணும். பத்து மணிக்கு வர்ற ஆளுக்கு மீந்தது மட்டும்தான் கிடைக்கும். போறப்போ மூடியைத் திறந்து பார்க்கிற வேலை கூடாது. அவிசாவளையில ஒரு தடவை மட்டும் திறந்து, மேல் ஐஸ் குறைஞ்சிருந்தா இரண்டு கிலோ சேருங்க. கினிகத்தேனை தாண்டினா வெளிக் குளிரே பாதி வேலையைச் செய்யும்.

முன்னக்கரை:
இதுல நான் ஒன்று சேர்க்கணும். கருவாட்டைப் புதுமீனோட சேர்த்து முதல்லயே வாங்கக் கூடாது. புதுமீனை ஆறு மணிக்கு வாங்கி ஐஸ்ல போட்டுட்டு, வெயில் ஏறின பிறகு கருவாடு வாங்குங்க. சந்தைக்குப் பக்கத்து மணல்ல கயிற்றுப் பாய் விரிச்சு காயப்போடுறதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விடியற்காலையில கருவாடு பனியில நனைஞ்சு கனமா இருக்கும், எடைக்குத் தண்ணியையும் சேர்த்துக் காசு கொடுப்பீங்க. ஒன்பது மணிக்கு மேல வாங்கினா லேசாயிருக்கும்.

கடல்ல பிள்ளைகளை இறக்கினா முழங்காலுக்கு மேல விடாதீங்க. களப்பு வாய்ப் பக்கம் நீரோட்டம் பலமா இருக்கும். அந்த வாயிலேயே, தண்ணி வடியுற இரவுகள்ல கட்டுவலை போட்டு இறால் பிடிப்பாங்க, அவ்வளவு இழுப்பு.

தலவாக்கலை:
மீன் தேர்வைப் பற்றி யாரும் சொல்லலையே. புதுமீன்னா எப்படி அடையாளம்?

முன்னக்கரை:
செவுள் சிவப்பா, கண் புடைச்சு தெளிவா, விரல் வச்சு அழுத்தினா பள்ளம் உடனே எழும்பணும். இது எல்லாருக்கும் தெரிஞ்சது. தெரியாதது இன்னொன்று: படகு. ஒருநாள் படகும் பலநாள் படகும் ஒரே சந்தைக்கு மீன் இறக்குது. கெலவல்லா, பலயா (இரண்டும் சூரை வகை), தலபத் (மயில் மீன்) எல்லாம் பலநாள் படகுல வாரக்கணக்கா ஐஸ்ல கிடந்து வந்திருக்கலாம். மேல் தோல் பளபளன்னு இருந்தாலும் வயிற்றுக்குள்ளே சதை மங்கிப்போயிருக்கும். பாரை, சாளையா, லின்னா, களப்பு இறால், நண்டு இதெல்லாம் நேத்து இரவு பிடிச்சதா இருக்க வாய்ப்பு அதிகம். "ஒருநாள் படகா?" என்று கேளுங்க. பெரிய மீன்ல துண்டு வாங்கினா நீங்க நிக்கும்போதே வெட்டச் சொல்லுங்க, ஏற்கனவே வெட்டி அடுக்கினதை எடுக்காதீங்க. கெலவல்லா, பலயான்னா சதை நல்ல சிவப்பா இருக்கணும், பழுப்பா மாறியிருந்தா விடுங்க.

மீன் வெட்டுறதுக்குத் தனி ஆட்கள் இருப்பாங்க, கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக்கூலி. எடை போட்ட பிறகு கொடுங்க, தலையையும் முள்ளையும் வேணும்னா முதல்லயே சொல்லிடுங்க. வெட்டினதைக் களப்புத் தண்ணியில அலசித் தருவாங்க, அதை வேண்டாம்னு சொல்லி, கொண்டு வந்த குடிதண்ணியில கழுவுங்க. ஐந்து லீட்டர் கேன் இரண்டு போதும்.

இறாலை நம்பிக் கணக்குப் போடும்போது ஒரு கிலோ தலையோட வாங்கினா, ஓடும் தலையும் போக அரைக் கிலோதான் சதை. ஆறு குடும்பம்னா ஏலத்துல ஒரு பெட்டி எடுத்துப் பிரிச்சுக்கிறது சில்லறையைவிட மலிவு. ஆனா ஒரே வகை மீன் 20, 25 கிலோ வரும். யாருக்கு எத்தனை என்று வேன்லயே பேசிட்டு வாங்க, சந்தைச் சத்தத்துல பங்கு பிரிக்க முடியாது.

தலவாக்கலை:
பலயா பற்றி ஒரு எச்சரிக்கை சேர்க்கணும். கெலவல்லா, பலயா, சாளையா மாதிரி இரத்தச் சதை மீன்கள் சூட்டுல கிடந்தா ஹிஸ்டமின் உண்டாகும். நாலு பாகைக்கு மேல சில மணி நேரம் போனாலே போதும். பயங்கரம் என்னன்னா, சமைச்சா அது போகாது, பொரிச்சாலும் போகாது, ஐஸ்ல திரும்பப் போட்டாலும் குறையாது. வாயில மிளகு மாதிரி சுருக்குன்னு இருக்கும், முகம் சிவக்கும், தலைவலி, வாந்தி. மூக்குக்கு நாத்தம் தெரியாமலேயே இது வந்திருக்கும். அதனால இந்த வகையில வாங்கினா அரைமணி நேரம்கூட வெறும் பையில தொங்கவிடாம நேரா ஐஸ்ல போடணும். பிள்ளைகளுக்கு அறிகுறி தெரிஞ்சா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்க.

ஊவா மலை:
பதுளை, பண்டாரவளை ஆட்களுக்கு நீர்கொழும்பு வெகு தூரம். அதோட மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, மேற்குக் கடல் கொந்தளிப்பா இருக்கும், படகு குறையும். அந்த மாதங்கள்ல கிழக்குக் கடல் அமைதியா இருக்கும். மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் வழியா இறங்கினா மீன் வாங்கவும் கடல் பார்க்கவும் சரியா இருக்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை கிழக்குல மழை, அப்போ மேற்கு நல்லது. அட்டன்காரர்களுக்கும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் மாதத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

கண்டி வீதி:
பேலியகொடைக்குப் போனா போதாதா? 2011ல கொழும்பு சென்ஜோன்ஸ் சந்தை அங்கே மாறின பிறகு எல்லாத் துறைமுக மீனும் அங்கேதான் வருது.

ஐஸ்பெட்டி:
வியாபாரிக்கு அது சரி. நள்ளிரவுல லொறி லொறியா வாங்குற இடம். குடும்பத்துக்கு அங்கே கடலும் இல்லை, காயப்போடுற கருவாடும் இல்லை. படகிலிருந்து இறங்கின மீன் இன்னொரு லொறி ஏறி வருது என்பதையும் சேர்த்துப் பாருங்க.

கம்பளைக் கருவாடு:
மலர் அக்கா கேட்ட கடைசிக் கேள்விக்கு வர்றேன். என் பார்வையில இந்தப் பயணத்துல முக்கியமா வாங்க வேண்டியதே கருவாடுதான். புதுமீன் இரண்டு நாள் சந்தோஷம். கருவாடு இரண்டு மாதச் சாப்பாடு.

முதல்ல ஏன் பூக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். உப்பு, காற்று ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானாகவே தண்ணியை இழுக்கும். நுவரெலியா, மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் மழை மாதங்கள்ல அந்த அளவை எப்பவும் தாண்டியே இருக்கும். நீர்கொழும்புல கட்டை மாதிரி இருந்த கருவாடு வீட்டுக்கு வந்து மூணு நாள்ல வேர்க்கிறது அதனாலதான். விற்றவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

வாங்கும்போது: கட்டா, தலபத் மாதிரி தடிச்ச கருவாட்டை இரண்டு கையாலயும் வளைச்சுப் பாருங்க. நடுவுல மெத்துன்னு வளைஞ்சா உள்ளே காயலை. முதுகெலும்பை ஒட்டின இடத்தை நகத்தால கீறி முகருங்க, கெட்டது முதல்ல அங்கேதான் கெடும். மேல இளஞ்சிவப்புப் படலம் இருந்தா அது உப்புல வளர்ற கிருமி, கழுவினா நிறம் போகும், கிருமி போகாது, எடுக்காதீங்க. பழுப்புப் புள்ளி தூவின மாதிரி இருந்தா பூஞ்சணம். வெள்ளைத் தூள் மாதிரி இருந்தா பெரும்பாலும் உப்புப் படிகம், நாக்குல வச்சா தெரியும். நெத்திலின்னா ஒரு பிடி எடுத்து உதறுங்க, மணல் எவ்வளவு விழுதுன்னு பார்க்கலாம். தலை கழண்டு தூள் அதிகமா இருந்தா பழசு.

மலிவா இருக்கேன்னு சந்தேகம் வந்தா இந்தக் கணக்கை நினைங்க: ஒரு கிலோ கருவாட்டுக்கு சுமார் மூணு கிலோ பச்சை மீன் வேணும். பச்சை மீன் விலையைவிடக் கொஞ்சம்தான் கூட என்றால், அதுல தண்ணியோ உப்போ நிறைய இருக்கு.

கொண்டு வரும்போது இரண்டு தடிப்புப் பாலித்தீன் பை, நடுவுல பேப்பர். ஐஸ்பெட்டிக்குப் பக்கத்துல வைக்கவே கூடாது. வேன் கூரையில கட்டினா கித்துல்கல மழையில முடிஞ்சுது. பின் இருக்கைக்குக் கீழே, நல்லா முடிச்சுப் போட்டு.

வீட்டுல முதல் வேலை, வெயில் அடிச்சா ஒரு நாள் முழுக்க திரும்பக் காய வைக்கிறது. வெயில் இல்லேன்னா அடுப்புக்கு மேல கம்பியில கட்டித் தொங்கவிடுங்க. விறகடுப்பு இருக்கிற வீட்டுக்கு இது பெரிய வசதி: சூடும் புகையும் சேர்ந்து ஈரத்தையும் ஈயையும் விலக்கும். காஸ் அடுப்பு வீடுன்னா நல்லாக் காய்ஞ்ச பிறகு மூடி இறுகுற பிளாஸ்டிக் டப்பா, அடியில பேப்பர், ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வெளியே. பேப்பர் ஈரமானா மாத்துங்க. நெத்திலியைத் தலை கிள்ளி, வெறும் சட்டியில இளஞ்சூட்டுல இரண்டு நிமிஷம் புரட்டி, ஆறின பிறகு போத்தல்ல போட்டா மாதக்கணக்குல இருக்கும். சூடா இருக்கும்போது மூடினா உள்ளே வேர்த்து எல்லாம் போயிடும்.

மஸ்கெலியா மலர்:
இது ரொம்பப் பிரயோசனம். இன்னொன்று. எங்ககிட்ட இருக்கிறது சின்ன ஃபிரிட்ஜ், மேல்தட்டு மட்டும்தான் உறையும். ஒரு குடும்பத்துக்கு எத்தனை கிலோ வாங்கலாம்?

ஐஸ்பெட்டி:
அந்த மேல்தட்டு 50 லீட்டர் அளவுன்னு வச்சா, ஒரு நாளைக்கு 2 கிலோ, அதிகம்போனா 2½ கிலோதான் ஒழுங்கா உறையும். ஐந்து கிலோவைத் திணிச்சா நடுவுல இருக்கிறது மறுநாள் வரை உறையாது, ஏற்கனவே உறைஞ்சிருக்கிறதும் இளகும். ஒரு வேளைக்கு ஆகுற அளவா, தட்டையா, காற்றை அமுக்கி எடுத்துப் பை கட்டுங்க. முதல் நாள் 2 கிலோ உள்ளே, இன்னொரு 2 கிலோ ஐஸ்பெட்டியிலேயே புது ஐஸோட இருக்கட்டும், மறுநாள் மாத்துங்க. குளிர் ஊர்ல அது தாங்கும். அன்னிக்கு இரவும் மறுநாளும் சமைக்க ஒரு கிலோ. ஆக ஒரு குடும்பத்துக்கு ஐந்து கிலோ உச்சம். ஆறு குடும்பத்துக்கு 30 கிலோ, அதுக்கு 30 கிலோ ஐஸ், இரண்டு பெரிய பெட்டி. வேன்ல ஆட்களோட இடமும் பாருங்க.

கம்பளைக் கருவாடு:
மீந்தா அம்புல் தியல் (புளி சேர்த்து வத்தவைக்கிற மீன் கறி) போடுங்க. கெலவல்லா ஒரு கிலோ, தோல் எடுத்து பெரிய துண்டு. கொறக்கா (கொடம்புளி) எட்டுப் பத்துச் சுளை ஊறவச்சு அரைச்சது, மிளகுத்தூள் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி, கறிவேப்பிலை, ரம்பை. தேங்காய்ப்பாலும் வெங்காயமும் சேர்த்தா சீக்கிரம் கெடும், சேர்க்காதீங்க. மண்சட்டியில ஒரே வரிசையா அடுக்கி, அரைக் கோப்பைத் தண்ணி விட்டு, சின்னத் தீயில தண்ணி முழுக்க வத்துற வரை விடுங்க. மலைக் குளிர்ல ஃபிரிட்ஜ் இல்லாம மூணு நாள் தாராளமா இருக்கும், தினம் ஒரு தடவை சூடாக்கினா போதும். ஆனா தலவாக்கலைக்காரர் சொன்னது இங்கேயும் பொருந்தும்: சூட்டுல கிடந்த மீனைப் புளியும் மிளகும் காப்பாத்தாது.

தலவாக்கலை:
பஸ்ல போறவங்களுக்கு ஏதாவது வழி இருக்கா? எல்லாருக்கும் வேன் கட்டுப்படியாகாது.

ஏ7 சாரதி:
அட்டனிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ், புறக்கோட்டையிலிருந்து 240 பஸ் நீர்கொழும்புக்கு. அதிவேக வீதி பஸ்ஸும் இருக்கு, அது சீக்கிரம். சந்தைக்கு ஏழு, எட்டு மணிக்குத்தான் வர முடியும். பஸ்ல ஐஸ்பெட்டி ஏத்த நடத்துனர் விடமாட்டார், தண்ணி கசிஞ்சா மற்றவர் பொதியெல்லாம் நாறும். அதனால பஸ்ல போறவங்க கருவாடு மட்டும் வாங்குங்க. 10 கிலோ வரை இரண்டு பையில பிரிச்சு, வாயை இறுக்கிக் கட்டி, சாக்குல போட்டுக் காலடியில வச்சா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.

மஸ்கெலியா மலர்:
ரெஜிபோம் பெட்டி பழசு ஒன்று இருக்கு, முன்னாடி மீன் வச்சது. நாத்தம் போகல. அதையே கொண்டு போகலாமா?

ஐஸ்பெட்டி:
உட்புறம் பொரிஞ்சு துகள் உதிராம இருந்தா கொண்டு போகலாம். சவர்க்காரத் தண்ணியில தேய்ச்சுக் கழுவுங்க, வெந்நீர் வேண்டாம், பெட்டி நெளிஞ்சிடும். ஒரு லீட்டர் தண்ணிக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து ஒரு இரவு நிரப்பி வைங்க. கொட்டிட்டு, மூடியைத் திறந்தே வெயில்ல காயவிடுங்க. ஈரத்தோட மூடி வைக்கிறதாலதான் நாத்தம் ஊறுது. அப்பவும் போகலேன்னா அடியிலும் சுவரிலும் தடிப்புப் பாலித்தீன் விரிச்சு அதுக்குள்ளே ஐஸ் போடுங்க. வடிகால் ஓட்டை இருக்கிற இடத்துல பாலித்தீனையும் கிழிச்சுவிட மறக்காதீங்க.